கம்பி தெரியும் மேல்தளம்: ஒட்டுப்போடுவதா, கர்டர் கொடுப்பதா, இடித்துப் போடுவதா?

பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் உவரியிலும் 30, 40 ஆண்டுகளுக்கு முன் போட்ட காங்கிரீட் மேல்தளங்கள் இப்போது ஒன்றுபோலவே உதிர்கின்றன. முதலில் அடிப்பூச்சில் நேர்கோட்டில் கீறல் விழும். அப்புறம் பூச்சு உப்பும். ஒருநாள் பாளமாகப் பெயர்ந்து கட்டிலிலோ அடுப்படியிலோ விழும். உள்ளே செதில் செதிலாகச் சிவந்த கம்பி தெரியும். வந்து பார்க்கிறவர்களில் ஒருவர் பூசிவிட்டால் போதும் என்பார், இன்னொருவர் கீழே கர்டர் (இரும்பு உத்தரம்) கொடுக்கச் சொல்வார், மூன்றாமவர் இடித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்வார். மூன்றும் பொருந்துகிற வீடுகள் உண்டு. எந்த வீட்டுக்கு எது என்பதை விழுந்த காரையின் அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது. கம்பி எதனால் துருப்பிடித்தது, அதில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இங்கே பேசுவது செங்கல் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கும் சாதாரண வீட்டுத் தளத்தைப் பற்றி: 10 அடிக்கு 12 அடி அறை, 5 அங்குலக் காங்கிரீட், மேலே சுருக்கியும் (சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் சேர்ந்த தளப்படுகை) தட்டோடும். பில்லர், பீம் உள்ள கட்டடத்தில் பில்லரிலேயே கம்பி தெரிந்தால் அதைக் கட்டுரை படித்து முடிவு செய்ய முடியாது. அன்றைக்கே முட்டுக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைக்க வேண்டும்.

மேல்தளத்துக்கும் உடனடி முட்டு தேவைப்படும் நிலைகள் உண்டு. குறுக்கே ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பாருங்கள். 3 மீட்டர் அகலத்தில் நடுவில் 12 மி.மீ.க்கு மேல் தொய்வு இருந்தாலோ, ஒரு மெயின் கம்பி அறுந்து தொங்கினாலோ, கீறல் நாளுக்கு நாள் அகன்றாலோ, மற்ற எதையும் யோசிக்கும் முன் இரும்பு ஜாக்கி முட்டு நான்கைந்து நிறுத்தி, மேலும் கீழும் பலகை கொடுத்து இறுக்கிவிட வேண்டும். அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

உப்பா, காற்றா?

புதுக் காங்கிரீட்டில் இருக்கும் காரத்தன்மை கம்பியைச் சுற்றி ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். அது இரண்டு வழியில் கெடும். ஒன்று, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தின்றுவிடுவது. இன்னொன்று, உப்பிலுள்ள குளோரைடு கம்பி வரை போய், காரம் இருக்கும்போதே படலத்தைத் துளைப்பது. துரு, தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். காரை பெயர்வதற்கு அந்த நெருக்கம்தான் காரணம்.

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, தென்காசிப் பக்கம் பெரும்பாலும் முதல் வகை. கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் வைக்காமல் கம்பியைச் சென்ட்ரிங் தட்டின் மேலேயே கிடத்திக் கொட்டிய தளங்களில் 20 மி.மீ. கவர் (கம்பியை மூடும் காங்கிரீட் கனம்) இருக்க வேண்டிய இடத்தில் 5, 8 மி.மீ.தான் இருக்கும். கூடவே குளியலறைக் கசிவும் மாடித் தொட்டிக் கசிவும் சேர்ந்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி, மணப்பாடு, திருச்செந்தூர் எனக் கடலோரம் முழுக்க இரண்டாம் வகை. திசையன்விளை, ராதாபுரம் பக்கம் வீடு கடற்கரையில் இல்லாவிட்டாலும் உப்புப் போர்த்தண்ணீரில் காங்கிரீட் கலந்திருந்தால் கதை அதுதான். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதி. நாக்கில் உப்புக் கரிக்கிற தண்ணீர் அதைத் தாண்டியிருக்கலாம்.

கண்ணால் ஓரளவு சொல்லலாம். காற்றால் வந்த துரு கம்பி நெடுகச் சீராக, மெல்லிய செதிலாக இருக்கும். உப்புத் துருவில் கம்பி ஓரிடத்தில் முழு மொத்தமாகவும் ஒரு சாண் தள்ளி எலி கடித்ததுபோலக் குழிந்தும் இருக்கும். உடைத்த உடனே கருப்பாகவோ கரும்பச்சையாகவோ ஈரத் துரு தெரியும்.

கண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல் இரண்டு சோதனை செய்துவிடுங்கள். ஆல்கஹாலில் கரைத்த 1 சதவீத பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டியை, புதிதாக உடைத்த காரை முகத்தில், தூசி துடைத்துவிட்டுத் தெளித்தால், காரம் உள்ள இடம் ரோஸ் நிறமாகும், போன இடம் நிறம் மாறாது. நிறம் மாறாத பகுதியின் ஆழம் கம்பியைத் தாண்டியிருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. கம்பி நிற்கும் இடம் நல்ல ரோஸ் நிறமாக இருந்தும் துருப்பிடித்திருந்தால் உப்பைச் சந்தேகியுங்கள். அதற்கு டிரில் போட்டு 0–15, 15–30, 30–45 மி.மீ. ஆழங்களிலிருந்து பொடியைத் தனித்தனிப் பாக்கெட்டில் எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். காங்கிரீட்டில் கனமீட்டருக்கு 0.6 கிலோ குளோரைடு, அதாவது எடையில் ஏறக்குறைய 0.025 சதவீதம் என்பது புதுக் காங்கிரீட்டுக்கு வரம்பு. கம்பி ஆழத்தில் அதைப் பல மடங்கு தாண்டியிருந்தால் ஒட்டுவேலையை மறந்துவிடலாம். மூன்று ஆழத்திலும் ஒரே அளவு உப்பு என்றால் அது கலவையிலேயே சேர்ந்தது. வெளிமுகத்தில் அதிகமாகவும் உள்ளே குறைந்தும் இருந்தால் காற்றில் வந்தது. முன்னது அறை முழுக்க இருக்கும் என்பதால் அதுதான் மோசம்.

மேல்முகத்தைத் தட்டிப் பலத்தைக் கணிக்கும் ரீபவுண்ட் ஹேமரை மட்டும் தட்டி ‘எம் 25 (காங்கிரீட்டின் பலத் தரம்) இருக்கிறது’ என்று எழுதித் தரும் அறிக்கையை நம்ப வேண்டாம். காரம் போன காங்கிரீட்டின் மேல்தோல் கெட்டிப்படும். சுத்தியல் அந்தத் தோலைத்தான் அளக்கும். பழைய தளத்தில் அது உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். காங்கிரீட்டின் வழியே அல்ட்ராசோனிக் ஒலி செல்லும் வேகம் விநாடிக்கு 3 கி.மீ.க்குக் கீழே வந்தால் உள்ளே வெற்றிடமோ பிளவோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப்செல் சோதனை, கம்பி தெரியாத இடத்திலும் துரு ஓடுகிறதா என்று சொல்லும்: காப்பர் சல்பேட் மின்முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் துரு நடக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு, மைனஸ் 200க்கு மேலே நின்றால் நடக்காமலிருக்க அதே அளவு வாய்ப்பு. கடலோர வீட்டுக்கு இந்தச் சோதனைக்குச் செய்யும் செலவு வீண் போகாது.

கம்பியில் மிச்சம்

துருவை ஒயர் பிரஷ்ஷால் பளபளப்பு வரும்வரை தேய்த்துவிட்டு, வெர்னியரில் ஒரே இடத்தை இரண்டு திசையில் அளக்க வேண்டும். தேய்க்காமல் அளந்தால் துருவையும் சேர்த்து 8 மி.மீ. கம்பி 9 என்று காட்டும். மோசமான மூன்று நான்கு இடத்தையாவது பாருங்கள். விட்டம் கொஞ்சம் குறைந்தாலே பரப்பு நிறையக் குறையும் என்பதை மறக்கக் கூடாது. 8 மி.மீ. கம்பியின் பரப்பு 50 சதுர மி.மீ. அது 7 ஆனால் 38.5, அதாவது 23 சதவீதம் போய்விட்டது. 6.5 ஆனால் 34 சதவீதம் போய்விட்டது. பழைய முறுக்குக் கம்பியில் விட்டத்தைத் திருப்பத்துக்குத் திருப்பம் அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

எந்தக் கம்பி என்பதும் முக்கியம். 10 அடிப் பக்கத்தில் ஓடுவதே மெயின் கம்பி. நடு மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் அதன் இழப்பே கணக்கு. 12 அடிப் பக்கத்தில் ஓடும் குறுக்குக் கம்பி கீழேயே கட்டப்பட்டிருந்தால் அது முதலில் துருப்பிடித்து, பார்வைக்குப் பயங்கரமாகத் தெரியும். ஆனால் தளம் அதை நம்பி நிற்பது குறைவு.

மெயின் கம்பியில் இழப்பு 10, 15 சதவீதத்துக்குள் என்றால் கம்பி சேர்க்காமல் ஒட்டலாம். 20ஐத் தாண்டினால் கம்பி சேர்க்காத எந்த வேலையும் வெறும் மறைப்புத்தான். அறையின் பாதி மெயின் கம்பிகளில் 30, 35 ஆகிவிட்டால் கர்டரா இடிப்பதா என்ற கேள்விக்கு வந்துவிட வேண்டும்.

ஒட்டுவேலை

உள்நாட்டு வீடு, உப்பு இல்லை, இழப்பு குறைவு, கெட்ட பகுதி அறையில் கால்வாசிக்குள். இந்த நான்கும் சேர்ந்த இடத்தில் ஒட்டுவேலைதான் சரி. சரியாகச் செய்தால் நெடுங்காலம் நிற்கும். சரியாகச் செய்கிறவர்கள் குறைவு என்பதே சிக்கல். கோழிவலை அடித்து 1:4 சிமெண்ட் பூசுவது ஒட்டுவேலை ஆகாது; கம்பிக்குப் பின்னால் துருவும் கெட்ட காரையும் அப்படியே இருக்கும், இரண்டு மழைக்குள் வலையோடு சேர்ந்து விழும்.

முதலில் மேலே தண்ணீர் நிற்பதை நிறுத்துங்கள். ஒழுகுகிற தளத்தின் அடியைப் பூசுவதில் பயனில்லை. பிறகு சுத்தியலால் அறை முழுக்கத் தட்டி, பொத்தென்று சத்தம் வரும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். குறித்த எல்லையைச் சதுரமாக்கி, கட்டரால் 10 மி.மீ. ஆழம் வெட்ட வேண்டும். ஓரம் மெல்லிசாக இழைந்து முடிந்தால் அங்கேதான் முதலில் பெயரும். வெட்டும்போது கம்பி அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கவர் குறைந்த தளத்தில் 5 மி.மீ.யிலேயே கம்பி வந்துவிடும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழைகிற அளவு, 20 முதல் 25 மி.மீ., காரையை எடுத்தாக வேண்டும். துரு முடிந்து நல்ல கம்பி தெரிந்த பிறகும் 50 மி.மீ. தாண்டிப் போக வேண்டும். இதைச் செய்யும்போது கம்பிக்கும் காங்கிரீட்டுக்கும் பிடிப்பு போகிறது. ஆகவே கீழே முட்டு இல்லாமல் தொடக் கூடாது. அறை முழுவதையும் ஒரே நாளில் கொத்திப் போடவும் கூடாது. இரண்டு மூன்றடிப் பட்டையாகச் செய்து முன்னேற வேண்டும்.

கம்பியைத் தேய்த்த அன்றே ஜிங்க் பிரைமரோ சிமெண்ட் வகைக் காப்புப் பூச்சோ கொடுத்துவிடுங்கள். கடலோரத்தில் மறுநாள் காலைக்குள் புதுத் துரு படிந்துவிடும். கலவை பாலிமர் கலந்ததாக இருக்க வேண்டும்: தலைக்கு மேல் பூசும் 1:3 கலவைக்கு 50 கிலோ சிமெண்டுக்கு எஸ்.பி.ஆர். என்ற பாலிமர் திரவம் 10 லிட்டர் அளவில் வரும். டப்பாவில் உள்ள அளவே கடைசி வார்த்தை. காரை நனைந்து, மேலே தண்ணீர் நிற்காத பதத்தில், எஸ்.பி.ஆர். சிமெண்ட் பாலைத் தடவி, அது காய்வதற்குள் கலவையைக் கம்பிக்குப் பின்னால் விரலால் திணித்து அழுத்த வேண்டும். ஒரு தடவைக்கு 10, 15 மி.மீ.க்கு மேல் அப்பினால் சொந்த எடையிலேயே கழன்று தொங்கும், வெளியே தெரியாது. இரண்டு நாள் ஈரம், பிறகு காயவிடுவது என்பது பாலிமர் கலவையின் முறை. சாதாரணப் பூச்சுபோல ஒரு வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

உப்புத் தளத்தில் இதே வேலை தோற்பதற்குக் காரணம் கைவேலைக் குறைவு அல்ல. ஒட்டிய இடத்தில் கம்பி புதுக் காரத்தில் பாதுகாப்பாகிவிடும். அதை ஒட்டி, உப்பு ஊறிய பழைய காரைக்குள் இருக்கும் அதே கம்பி மின்வேதி முறையில் பலியாகும். இரண்டொரு ஆண்டில் ஒட்டைச் சுற்றி வளையம் போட்டதுபோலப் புதிதாகப் பெயரும், ஒட்டு மட்டும் அப்படியே நிற்கும். கடலோரத்தில் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஒட்டின் ஓரம் நெடுக கம்பிக்குப் பதிலாகத் தான் அரிந்துபோகும் ஜிங்க் ஆனோடு வில்லைகளைக் கம்பியில் கட்டிவிட்டுப் பூச வேண்டும். அது காலத்தை நீட்டும், உப்பை எடுக்காது.

கம்பி சேர்த்து மைக்ரோ காங்கிரீட்

இழப்பு 20க்கும் 30க்கும் நடுவே, அடிக்காங்கிரீட் இன்னும் கெட்டியாக இருக்கிறது, மாடியில் ஆள் குடியிருக்கிறார்கள், இடிக்க வழியில்லை. இந்த நிலைக்கு, புதுக் கம்பி கட்டி, தானே வழிந்து நிரம்பும் பொடி ஜல்லிக் கலவையான மைக்ரோ காங்கிரீட்டை அடியில் சேர்ப்பது பொருந்தும். புதுக் கம்பியைப் பழைய நல்ல கம்பியோடு ஓவர்லாப் செய்ய வேண்டும்: எம் 20 காங்கிரீட்டில் 415 தரக் கம்பிக்கு விட்டத்தைப்போல 47 மடங்கு, 500 தரத்துக்கு 57 மடங்கு. 8 மி.மீ. கம்பிக்கு முறையே 38, 46 சென்டிமீட்டர். ஒரு சாண் நீளம் வைத்துக் கட்டுகம்பியால் கட்டி முடித்துவிடுவது அன்றாடம் நடக்கிறது. அந்தக் கம்பி சும்மாதான் தொங்கும். வெல்டிங் வைப்பதும் வேண்டாம். முறுக்குக் கம்பியும் டி.எம்.டி.யும் சூட்டில் பலம் இழக்கும்.

50 மி.மீ. கனம் சேர்த்தால் சதுர மீட்டருக்கு 115 கிலோ கூடும். அதற்கு ஈடாக மேலிருக்கும் பழைய சுருக்கியையும் தட்டோட்டையும் எடுத்தால் 230 கிலோ வரை இறங்கும். இரண்டையும் சேர்த்தே திட்டமிடுவது நல்லது. மைக்ரோ காங்கிரீட்டை மேலிருந்து துளை போட்டுத்தான் ஊற்ற முடியும். சென்ட்ரிங்கில் சிறு சந்து இருந்தாலும் பால் ஒழுகிவிடும். சிறிய வீட்டுக்கு இது செலவான வழி, பழகிய ஆளும் தேவை. உப்புத் தளத்துக்கு இதுவும் பொருந்தாது.

கர்டர்

நம் பக்கம் அதிகம் செய்யப்படுவதும், அதிகம் தவறாகச் செய்யப்படுவதும் இதுதான். தளத்தைக் காப்பாற்றுவதை விட்டுவிட்டு, அது கடக்க வேண்டிய தூரத்தைப் பாதியாக்குவது இதன் வேலை. 10 அடியை 5 அடியாக்கினால் கம்பியில் வரும் இழுவிசை ஏறக்குறைய கால்பங்காகிவிடும். அதனால் பாதிக் கம்பி போன தளம்கூடத் தாங்கும்.

திசையில்தான் முதல் பிழை. குட்டைப் பக்கத்துக்குக் கர்டர் மலிவு என்று 10 அடிப் பக்கத்திலேயே இரண்டு போடுகிறார்கள். அது மெயின் கம்பிக்கு இணையாக ஓடும்; தளம் அப்போது மெலிந்த குறுக்குக் கம்பியை நம்ப வேண்டிவரும். கர்டர் மெயின் கம்பிக்குக் குறுக்கே, 12 அடி நீளத்தில், அறையின் நடுவே போக வேண்டும்.

அளவில் அடுத்த பிழை. 5 அங்குலத் தளம் சதுர மீட்டருக்கு 310 கிலோ, சுருக்கியும் தட்டோடும் 230, பூச்சு 30, மொட்டைமாடியில் ஆள் நடமாட்டம் 150. ஆக 720 கிலோ. நடுக் கர்டருக்கு வருவது 1.5 மீட்டர் அகலம், அதாவது மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 1,080 கிலோ. இதற்கு ஐ.எஸ்.எம்.பி. 150 (150 மி.மீ. உயர ‘ஐ’ வடிவ இரும்பு) போட்டால் 3.6 மீட்டரில் 16 மி.மீ. வளையும், 10 மி.மீ.க்குள் நிற்பதே நல்லது. ஐ.எஸ்.எம்.பி. 200 என்றால் 5 மி.மீ.யில் நின்றுவிடும். மீட்டருக்கு 25 கிலோ வீதம், சுவரில் உட்காரும் நீளத்தையும் சேர்த்து 4 மீட்டருக்கு 100 கிலோ இரும்பு. பழைய இரும்புக்கடைத் தண்டவாளத்தை வாங்கிப் போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். தேய்மானமும் விரிசலும் வெளியே தெரியாது, வெல்டிங்கும் சரியாக ஏறாது.

ஒவ்வொரு முனையிலும் 2 டன்னுக்கு மேல் இறங்கும். கர்டரின் கால் அகலம் 100 மி.மீ.தான். நேரே செங்கல்லில் உட்கார வைத்தால் கல் நொறுங்கும். 200 மி.மீ. உள்ளே போய், 300 மி.மீ. நீளமும் 150 மி.மீ. உயரமும் உள்ள காங்கிரீட் படுக்கைக் கட்டையின் மேல் உட்கார வேண்டும். சன்னலின் நேர்மேலே முனை விழுந்தால் லிண்டல் தாங்குமா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

கர்டருக்கும் தளத்துக்கும் நடுவே இருக்கும் சந்தில்தான் கடைசிப் பிழை. அந்தச் சந்தில் வெறும் சிமெண்டைப் பூசி மறைத்தால் அது சுருங்கி விலகிவிடும், கர்டர் சும்மா நிற்கும், தளம் பழையபடியே தொங்கும். ஜாக்கியால் தளத்தை இலேசாக ஏந்திப் பிடித்து, இரும்பு ஆப்பு இறுக்கி, நான்-ஷ்ரிங்க் கிரவுட் என்ற சுருங்காத கலவையை நெடுகத் திணித்து, அது இறுகிய பிறகே ஜாக்கியை இறக்க வேண்டும்.

இதற்கு முன் கெட்ட காரையை நீக்கிக் கம்பிக்குப் பூச்சுக் கொடுத்தாக வேண்டும்; கர்டர் துருவை நிறுத்தாது. கடலோரத்தில் கர்டருக்கே துரு வரும். ஹாட் டிப் கால்வனைஸ் செய்தது அல்லது எபாக்ஸி பூசியது வேண்டும், சில ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துத் திரும்பப் பூசவும் வேண்டும். உப்புத் தளத்துக்கு 5, 10 ஆண்டு அவகாசம் வாங்கித் தரும் வழி என்ற அளவில் கர்டரை மதிக்கலாம். பணம் சேரும்வரை பாதுகாப்பாக இருக்க அது போதும்.

வேலை முடிந்ததும் தாங்குகிறதா என்று தெரிந்துகொள்ள லோடு டெஸ்ட் உண்டு. மொட்டைமாடிக்கு 150 கிலோவின் 1.25 மடங்கு, அதாவது சதுர மீட்டருக்கு 190 கிலோ. பாலித்தீன் விரித்துச் செங்கல் வரப்பு கட்டி 19 செ.மீ. தண்ணீர் நிறுத்தினால் அந்த எடை வந்துவிடும். 24 மணி நேரம் வைத்து, இறக்கம் எவ்வளவு என்று டயல் கேஜில் பார்த்து, தண்ணீரை வெளியேற்றிய 24 மணி நேரத்துக்குள் முக்கால் பங்கு திரும்புகிறதா என்று பார்ப்பது ஐ.எஸ். 456 முறை. 3 மீட்டர் அகலம், 125 மி.மீ. கனத்துக்கு இறக்கமே 2.9 மி.மீ.க்குக் குறைவு என்றால் திரும்புவதைப் பார்க்க வேண்டியதில்லை. கர்டர் கொடுத்தபின் கர்டரிலிருந்து சுவர் வரையுள்ள தூரத்தையே அகலமாக எடுக்க வேண்டும். வரம்பு அதற்கேற்பச் சுருங்கும். கீழே சற்று இடைவெளி விட்டு முட்டுகளை நிறுத்திவிட்டே இதைச் செய்ய வேண்டும்.

இடித்துப் போடுவது

கலவையிலேயே உப்பு, பாதிக் கம்பிக்கு மேல் நலிவு, தளம் தொய்வு. இவற்றில் இரண்டு சேர்ந்தால் இடிப்பதுதான் மலிவு. ஒட்டுக்கு ஒருமுறை, வளையத்துக்கு ஒருமுறை, கர்டருக்கு ஒருமுறை என்று கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்தால் புதுத் தளமே வந்திருக்கும். நல்ல சுவரும் நல்ல அஸ்திவாரமும் உள்ள கடலோர வீடுகளில் தயங்காமல் இதைச் செய்யலாம். ஆனால் சுவரில் மூலைவிட்டக் கீறல் இருந்தால், கரிசல் மண் இழுத்ததா, 2023 டிசம்பர் வெள்ளத்தில் அஸ்திவாரம் இறங்கியதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

உயிர்ப்பயம் இருக்கும் இடம் பால்கனி. வெளியே நீட்டிய பால்கனி, உள்ளறைத் தளத்தின் எடையையும் அதற்குள் ஓடும் மேல்கம்பியையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே இடித்தால் பால்கனி கீழே வரும். அதை முதலில் முட்டுக் கொடுத்தோ, முதலில் இடித்தோ ஆக வேண்டும். கைப்பிடிச் சுவரையும் முன்னதாகவே இறக்கிவிட வேண்டும். பக்கத்து அறைத் தளம் தொடர்ச்சியாக ஓடியிருந்தால் அந்த அறைக்கும் முட்டு வேண்டும்.

சுருக்கியையும் தட்டோட்டையும் முதலில் அள்ள வேண்டும். 14 சதுர மீட்டரில் அது மட்டுமே 3 டன் போகும், காங்கிரீட் 4.4 டன். இடித்ததைத் தளத்தின் மேலேயே குவிக்கக் கூடாது. மெயின் கம்பிக்கு இணையாகப் பட்டை பட்டையாக எடுத்து வர வேண்டும். சுவரின் மேல் வரும் கம்பி நன்றாக இருந்தால் அரை மீட்டர் விட்டு வெட்டுங்கள், புதுக் கம்பிக்கு ஓவர்லாப் ஆகும்.

புதுத் தளம் கடலோரத்தில் எம் 30, கவர் 45 மி.மீ., தண்ணீர் சிமெண்ட் எடையில் 0.45க்கு மேல் போகாமல், மூட்டைக்கு 22 லிட்டர், மணலின் ஈரமும் சேர்த்து. கவர் 45 என்பதால் 5 அங்குலத் தளத்தில் கம்பிக்கு ஆழம் போதாது, 150 மி.மீ. போட வேண்டும். உள்நாட்டில் எம் 25, 30 மி.மீ. கவர். போர்த்தண்ணீர் உப்பென்றால் லாரித் தண்ணீர் வாங்குங்கள், க்யூரிங்குக்கும் சேர்த்து.

ஆனி, ஆடியில் பணகுடி, கயத்தாறு, ராதாபுரம் பக்கம் அடிக்கும் காற்றில் தளம் கொட்டிய இரண்டு மணி நேரத்தில் மேல்முகம் காய்ந்து வெடிக்கும். அதிகாலையில் கொட்டி முடித்து, மட்டப்பலகை இழுத்த பின்னாலேயே பாலித்தீன் மூடிவிட வேண்டும். வரப்பு கட்டித் தண்ணீர் விடுவது மறுநாள். பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த) சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம். 4.5 மீட்டருக்குட்பட்ட தளத்துக்கு முட்டு 7 நாள் என்பது ஓ.பி.சி. என்ற சாதாரண சிமெண்டுக்கான கணக்கு. பி.பி.சி. என்றால் 14 நாள் விட்டுவையுங்கள். எடுக்கும்போது அறை நடுவிலிருந்து சுவரை நோக்கி எடுக்க வேண்டும். பால்கனியில் நுனியிலிருந்து சுவரை நோக்கி.